பதினேழாம் எண் புட்டி

"ஓட்டையே இல்லையேம்மா, அப்பறம் எப்படி உள்ள போச்சு?"

ஹரிணி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. திருவரங்குளத்தில் வீட்டுக்கு எதிரே நின்ற புங்க மரத்தின் பூங்கொத்தில், பூவாக விரியாமல் உருண்டையாகத் திரண்டு கிடந்த ஒரு மொட்டை நகத்தால் பிளந்து வைத்திருந்தாள். உள்ளே அரிசிக் குருணையை விடச் சின்னதாக, மஞ்சளாக ஒரு புழு நெளிந்தது.

அவளுடைய அம்மா செவந்தி விலங்கியல் படித்தவள். பதில் கையில் இருந்தது. "அது உள்ள போகலடி. அதோட அம்மா மொட்டுல முட்டை வச்சிட்டுப் போயிருச்சு. மரந்தான் அதைச் சுத்தி வளந்து மூடிக்கிருச்சு. அதுக்குச் சாப்பாடும் அதுதான், வீடும் அதுதான்."

"மூடிக்கிட்டு வர்றது அதுக்குத் தெரியாதா?"

"போய்க் கையைக் கழுவு" என்றாள்.

அது நடந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இப்போது ஒரு திங்கட்கிழமைக் காலையில், ஆலங்குடி சாலையில் இருக்கும் ஒரு தனியார் கல்லூரியின் அலுவலகத்தில், சாம்பல் நிற இரும்பு பீரோவைப் பார்த்தபடி செவந்தி நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் முதுகலைப் பட்டம் வரை எல்லா ஒரிஜினலும் அதற்குள்தான் இருந்தன. ஒன்பது வருடத்துக்கு முன் வேலையில் சேர்ந்த அன்று வாங்கி வைத்தார்கள். "இங்க இருந்தா பத்திரமா இருக்கும்மா" என்றார்கள். எல்லோரும் கொடுத்தார்கள், அவளும் கொடுத்தாள். வேறு இடம் போக நினைக்கும்போதுதான் அந்தப் பத்திரம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

அரசுப் பள்ளி ஆசிரியர் வேலைக்கு அவள் எழுதிய தேர்வில் பெயர் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

"முனியசாமி அண்ணே, பீரோ சாவி ஒங்ககிட்டதான இருக்கு?"

அலுவலக உதவியாளர் முனியசாமி தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். "சாவி இருக்கு மேடம். ஆனா ரத்தினவேல் சாரு கையெழுத்துப் போட்ட பேப்பர் இல்லாம பீரோவைத் தொறந்தேன்னா, எனக்கு வெளிக்கேட்டைத் தொறந்து விட்டுருவாங்க."

"அவரு போட மாட்டேங்கிறாரே."

"ஒங்க சர்வே ரிப்போர்ட்டு முடியட்டும்னு சொல்றாராம்ல."

"முடிஞ்சு ஒரு மாசம் ஆச்சுண்ணே. 'இன்னொரு தடவை பாக்கணும்'ங்கிறாரு. எப்பப் போனாலும் இன்னொரு தடவை."

முனியசாமி குரலைத் தாழ்த்தினார். "பாக்கட்டும் மேடம். பெரியவரு. நீங்க கோவத்துல ஒண்ணும் சொல்லிப்புடாதீங்க."

துறைத் தலைவர் ரத்தினவேலுக்கு அறுபத்து நான்கு வயது. வேறொரு கல்லூரியில் ஓய்வு பெற்ற பிறகு இங்கே வருட ஒப்பந்தத்தில் வந்தவர். அந்த ஒப்பந்தத்தை ஒவ்வொரு ஜூன் மாதமும் நிர்வாகம் புதுப்பிக்க வேண்டும். அவர் பெயரில்தான் அந்தச் சர்வே நடந்தது. அந்தப் புங்க மொட்டைப்போல, மாவட்டத்தில் எந்தச் செடியில் எந்தப் பூச்சி புடைப்பு உண்டாக்குகிறது என்று பட்டியல் போடும் வேலை. அலைந்து திரிந்து சேகரித்ததெல்லாம் செவந்தி.

அன்னவாசல் பக்கத்துப் பாறைக்காடு முதல் ஆலங்குடி தென்னந்தோப்பு வரை இரண்டு வருடம் நடந்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பக்தியே வந்தது. மாவிலையில் கடுகு தெளித்ததுபோல் கெட்டி மருக்கள். நாவல் இலையில் மேலே குழி, அடியில் குமிழ். அத்தி இலையில் பட்டாணி பட்டாணியாக உருண்டைகள். கல்யாண முருங்கையில் காம்பே வீங்கி இலை சுருண்டு போயிருக்கும். தைல மரத்தில் இலையின் நடுநரம்பு மணி கோத்ததுபோல் புடைத்திருக்கும். நெற்பயிரில் கதிர் வர வேண்டிய இடத்தில் வெள்ளைக் குழலாக நீண்டு நிற்கும், அதற்கு ஆனைக்கொம்பன் என்று பெயர். ஒரு பூச்சிக்கு ஒரு செடி. அந்தச் செடி அந்தப் பூச்சிக்கு மட்டும் தன் உடம்பிலிருந்து ஒரு தனி அறை கட்டிக் கொடுக்கிறது. இத்தனை வகை வீட்டையும் யோசித்தவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று, தனியாக நிற்கும்போது அவள் வானத்தைப் பார்ப்பது உண்டு.

ஒவ்வொன்றையும் கிளையோடு வெட்டி வந்து கண்ணாடிப் புட்டியில் போட்டு, வாயை மல்துணியால் கட்டி வைப்பார்கள். சில நாளில் பூச்சி துளை போட்டு வெளியே வரும். வந்த பூச்சியின் பெயரைப் புட்டியில் எழுத வேண்டும். மொத்தம் முப்பத்தெட்டுப் புட்டிகள்.

தவறு பதினேழாம் எண்ணில் இருந்தது. வன்னி மரத்துக் குச்சியில் வரும் புடைப்பு. போன வருடம் அந்தப் புட்டியில் முதலில் வெளியே வந்தது பச்சையாக மினுங்கிய ஒரு சின்னக் குளவி. தைல மரத்தில் குளவிதானே வீடு கட்டியது, இங்கேயும் அதுவாகத்தான் இருக்கும் என்று செவந்தி குளவியின் பெயரை எழுதிவிட்டாள். ரத்தினவேல் கையெழுத்துப் போட்டார். சர்வேக்குப் பணம் கொடுக்கும் டெல்லி அலுவலகத்துக்கு முதல் அறிக்கை போய்விட்டது.

வீட்டைக் கட்டியது குளவி இல்லை. கொசு போன்ற ஒரு சின்ன ஈ. அந்த ஈயின் புழுவைத் தின்று வளர்ந்து, அதன் வாசல் வழியாகவே வெளியே வந்ததுதான் குளவி. குடியிருந்தவனைத் தின்றவனை வீட்டுக்காரன் என்று எழுதியிருக்கிறாள். இந்த வேலை செய்கிறவர்கள் வழுக்கி விழும் இடம் இது. சென்ற வாரம் புதிய புடைப்பு ஒன்றைப் பிளந்தபோது, ஈயின் புழுவும் அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த குளவியின் புழுவும் சேர்ந்தே கிடைத்தன.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சொன்னால் சார் மறுபடி முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்பார், வெள்ளிக்கிழமை போய்விடும். ஆனாலும் திங்கள் மாலை சிவன் கோயிலில் கண்ணை மூடி நின்றபோது, வேண்டிக்கொள்ள வந்தது மறந்துபோய் அந்தக் குளவிதான் கண்ணுக்குள் மினுங்கியது. ஒரு பொய்யை விட்டுவிட்டுப் போய்ப் பிள்ளைகளுக்கு என்ன பாடம் நடத்துவது?

செவ்வாய்க்கிழமை ஆய்வகத்தில் அவரைக் கூப்பிட்டாள். "சார், பதினேழாம் நம்பரை ஒரு தடவை மைக்ராஸ்கோப்ல பாக்கணும். எழுதினது சரியான்னு ஒரு சந்தேகம்."

ரத்தினவேல் நிதானமாக வந்து உட்கார்ந்தார். மேசை விளிம்பைத் தொட்டு, நாற்காலியைத் தொட்டு, பிறகுதான் உட்கார்ந்தார். கண்ணை வைத்துக் குமிழைத் திருகினார். "ம். நல்லாத் தெளிவா இருக்கும்மா. குளவியேதான். சந்தேகமே இல்ல."

"புழு தெரியுதா சார்?"

"தெரியுது, தெரியுது. நீ விட்டுட்டுப் போ. நான் இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்."

சொல்லிவிட்டு எழுந்து போனார். செவந்தி குனிந்து பார்த்தாள். வெறும் வெளிச்சம். புழுக்கள் இருந்த கண்ணாடித் தகடு அவள் இடது கைப் பக்கத்துத் தட்டிலேயே இருந்தது. அவரைக் கூப்பிடும் அவசரத்தில் வைக்க மறந்திருந்தாள்.

அவர் பார்த்தது ஒன்றுமில்லாததை.

இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று அவர் சொன்னதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. அவருக்குக் கண் தெரியவில்லை. ரொம்ப நாளாகத் தெரியவில்லை. அவள் போய்விட்டால் அது வெளியே தெரிந்துவிடும். தன்னை மறைத்துக்கொள்ள ஒரு சுவர் வேண்டும், அந்தச் சுவராக அவளை வைத்திருக்கிறார்.

அன்று மாலை ஷார்ஜாவிலிருந்து பிரசாந்த் பேசினான். அவளுடைய கணவன், ஏசி மெக்கானிக். எல்லாவற்றையும் சொன்னாள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நேரா பிரின்ஸ்பால்கிட்டப் போ. இந்த மாதிரி, ஆளுக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லு. மதியத்துக்குள்ள சர்டிபிகேட் ஒன் கையில இருக்கும்."

"அவரு வேலை போயிருமேங்க."

"ஒன் வேலை?" என்றான். பிறகு குரல் இறங்கியது. "என் பாஸ்போர்ட்டும் இங்க கம்பெனிக்காரன் கையிலதான். தம்பி கல்யாணத்துக்கு நான் வரல, ஞாபகம் இருக்கா? ரெண்டு பேர்ல ஒருத்தராவது வெளிய வரணும் செவந்தி."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை காலை முதல்வர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். முதல்வர் யாரோடோ பேசிக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டியதை மனதுக்குள் அடுக்கினாள். எப்படி அடுக்கினாலும் அது காட்டிக்கொடுப்பதாகவே ஒலித்தது.

"மேடம், சும்மா இருக்கிற நேரத்துல இதைச் சரி பாருங்க" என்று முனியசாமி ஒரு பழைய வருகைப் பதிவேட்டைக் கொண்டு வந்து வைத்தார். "எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் அடிக்கணும்ல. நடுவுல கேப் இருக்கான்னு கேப்பாங்க."

புரட்டினாள். நான்கு வருடத்துக்கு முந்தைய நவம்பர். ஹரிணிக்கு டெங்கு வந்து புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம். இருபத்து மூன்று நாள் கல்லூரிப் பக்கமே அவள் வரவில்லை. விடுப்பு எழுதிக் கொடுக்கக்கூட நினைப்பில்லை. திரும்பி வந்தபோது யாரும் ஒன்றும் கேட்காததால், நிர்வாகம் இரக்கப்பட்டு விட்டுவிட்டது என்று இத்தனை நாளும் நம்பியிருந்தாள்.

பதிவேட்டில் அந்த இருபத்து மூன்று கட்டங்களிலும் ஒரே வார்த்தை இருந்தது. களப்பணி. சாய்ந்த, பெரிய எழுத்து. ரத்தினவேலின் கை.

"அண்ணே, நான் களப்பணிக்கே போகலையே."

முனியசாமி கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஒங்க எடத்துக்கு வேற ஒரு பொண்ணை இன்டர்வியூகூட எடுத்துட்டாங்க மேடம். சாருதான் வந்து, 'நாந்தான் அனுப்பிச்சிருக்கேன், காட்டுல செடி பாக்குது'ன்னு எழுதிட்டுப் போனாரு. ஒங்க கிளாஸு, அவரு கிளாஸு, ரெண்டையும் அவரே எடுத்தாரு. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. இப்ப நான் சொல்லிப்புட்டேன். விடுங்க."

அது பொய்தான். பதிவேட்டில் எழுதிய பொய். அதைக் கடவுள் எப்படிப் பார்ப்பார் என்று செவந்திக்குத் தெரியவில்லை. தன் பிள்ளையின் படுக்கை ஓரம் இருபத்து மூன்று நாள் நிம்மதியாக உட்கார்ந்திருக்க அந்தப் பொய்தான் இடம் கொடுத்தது என்பது மட்டும் தெரிந்தது.

முதல்வர் அறைக் கதவு திறந்தது. "யாரும்மா, நீங்களா? வாங்க."

"ஒண்ணும் இல்ல சார். அப்பறம் வாரேன்" என்று எழுந்துவிட்டாள்.

நேராக ஆய்வகத்துக்குப் போனாள். ரத்தினவேல் அறிக்கையை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல், சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சார், டைப்பிங்ல தப்பு நெறைய இருக்கும்போல. நான் சத்தமா வாசிக்கிறேன், நீங்க கேட்டுக்கிட்டே வாங்க. அப்படிப் பாத்தாத்தான் தப்பு சிக்கும்."

அவர் முகம் அவள் குரல் வந்த பக்கம் திரும்பியது. அறிக்கையை அவள் பக்கம் தள்ளினார். "வாசி" என்றார்.

முப்பத்தெட்டையும் வாசித்தாள். அவர் சும்மா கேட்கவில்லை. இலந்தைப் புடைப்பைப் பற்றி வாசித்தபோது நிறுத்தினார். "அது பூச்சி இல்லம்மா. சிலந்திப்பேன். சிலந்தி சாதி. தனியா எழுது." மருத மரத்துக் கிளையை எடுத்துத் தரச் சொல்லி, இலை அடியில் கட்டைவிரலை ஓட்டினார். "இது முத்துனது. பூச்சி போயிருச்சு. ஓட்டை வெரல்ல தட்டுது பாரு." பாதியில், பெயர்ச் சீட்டு இல்லாத இன்னொரு கிளை அவர் கைக்கு வந்தது. தொட்ட உடனே, "கல்யாண முருங்கை" என்றார். செவந்தி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருடம் காட்டில் திரிந்த விரல்கள்.

பதினேழில் அவள் குரல் நின்றது. "இதுல நான் தப்புப் பண்ணிட்டேன் சார். குளவி வீட்டுக்காரன் இல்ல. ஈயைத் தின்னுட்டு வந்தது. போன வருசம் நான் அவசரத்துல எழுதினேன். நீங்க என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டீங்க."

அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். நேற்று, சந்தேகமே இல்லை என்று சொன்னது அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"அப்ப டெல்லிக்குப் போனது தப்பு."

"ஆமா சார்."

"திருத்தம்னு ஒரு பக்கம் எழுது. தப்பு என்னோடதுன்னு எழுது."

"என்னோடதுன்னுதான் சார் எழுதுவேன். அது உண்மை."

"சரி. ரெண்டு பேருன்னு எழுது. அதுவும் உண்மைதான்" என்றார்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தையும் அவளுடைய விடுவிப்புத் தாளையும் அடுத்தடுத்து வைத்தாள். அவர் பேனா காற்றில் நின்றது. "இங்கிட்டு சார்" என்று தன் சுண்டுவிரலைத் தாளின் மேல் வைத்தாள். அந்த விரலை ஒட்டி அவர் கையெழுத்துப் போட்டார்.

"திங்கக்கெழமை டெல்லியிலருந்து ஒருத்தர் வாராரு. ஒவ்வொரு புட்டியாக் கேப்பாரு" என்றார். "நீ இருக்க மாட்ட."

"இல்ல சார்."

"இருக்க வேண்டாம். ஒன்னைய முன்னாடியே விட்டுருக்கணும். போ."

கதவு வரை போய்த் திரும்பினாள். "எங்கப்பாவுக்குப் போன மாசம் கண்புரை ஆபரேசன் சார். இருபது நிமிசந்தான். மறுநாளு பேப்பர் படிச்சுட்டு, செய்தியே சரியில்லன்னு திட்டுறாரு. மே மாச லீவுல பண்ணிக்கிட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"யாருக்குச் சொல்ற?"

"பொதுவாச் சொன்னேன் சார்."

அவர் சிரித்தார். இத்தனை வருடத்தில் அவர் இப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலை முனியசாமி பீரோவைத் திறந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் மஞ்சள் பூத்துக் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து அவளிடம் கொடுத்தார். "எண்ணிப் பாத்துக்குங்க மேடம். போனா வராதீங்க" என்றார். இரவு பஸ்ஸுக்குப் பிரசாந்தின் அம்மா அமுதவல்லி துணைக்கு வருவதாக ஏற்பாடு. ஹரிணியைப் பக்கத்து வீட்டில் விடுவதாகப் பேசியிருந்தார்கள்.

மதியம் கல்லூரியில் தேர்வு. ரத்தினவேல் தேர்வு அறைக் கண்காணிப்புக்குப் போயிருந்தார். ஆய்வகத்தில் ஆள் இல்லை. செவந்தி உள்ளே போய்க் கதவை ஒருக்களித்தாள். முப்பத்தெட்டுப் புட்டிகளும் மூன்று தட்டுகளில் வரிசையாக இருந்தன. பெயர்ச் சீட்டுகளில் எழுத்து பொடியாக இருந்தது. திங்கட்கிழமை அந்த டெல்லி விருந்தாளி ஒரு புட்டியைக் காட்டி, இது என்ன என்று ரத்தினவேலிடம் கேட்பார்.

மேசையில் பசை டப்பாவைத் திறந்து வைத்தாள். காய்ந்த மாதிரிகள் இருந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்தாள். ஒவ்வொரு புட்டியின் கழுத்திலும், மல்துணிக்குக் கீழே, அந்தப் புட்டிக்குரிய புடைப்பில் ஒரு துண்டை ஒட்டத் தொடங்கினாள். முதல் புட்டிக்கு மருக்களோடு ஒரு சிறு சதுர மாவிலை. அடுத்தது நாவல், குமிழ் வெளியே தெரியும்படி. அத்தி உருண்டை பாதி. தைல மரத்து நரம்பு. புங்கையின் உருண்டை மொட்டு. பதினேழில் வன்னிக் குச்சியின் முடிச்சு. பார்க்கிறவருக்கு அது மாதிரிக்காக வைத்ததாகத் தோன்றும். புட்டியைக் கையில் எடுப்பவரின் கட்டைவிரலுக்குத் தெரியும்.

முடிக்க மூன்று மணி நேரம் ஆயிற்று. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, முதல் புட்டியிலிருந்து விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டாள். இருபத்திரண்டும் இருபத்து மூன்றும் ஒன்றுபோலவே தட்டின. அவளுக்கே குழப்பமாக இருந்தது. இருபத்து மூன்றில் ஒட்டியதைப் பிய்த்து எடுத்துவிட்டு, அதே செடியின் காம்போடு சேர்ந்த துண்டைத் தேடி ஒட்டி, பசை பிடிக்கும் வரை விரலால் அழுத்திக்கொண்டு நின்றாள். மறுபடி கண்ணை மூடித் தொட்டுப் பார்த்தாள். இப்போது வேறு வேறாகத் தெரிந்தன.

தேர்வு முடியும் மணி அடித்தது. பசை டப்பாவை மூடி இருந்த இடத்தில் வைத்தாள். உதிர்ந்த துணுக்குகளைத் துடைத்து எடுத்தாள். குழாயில் கையைக் கழுவிக்கொண்டு, பின்வாசல் வழியாக பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.